நீ மூட நினைக்கும் பஞ்சாங்கம்

அன்புள்ள பிரவீன்,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. சாப்பாட்டு மேசையில், உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்தில், திறந்தபடியே வைக்கப் போகிறேன். உன் அம்மா எப்படியும் உனக்கு முன்னால் படித்துவிடுவாள். சுகன்யா வந்தால் அவளும் படிக்கட்டும். நீ இத்தனை வருஷமாகச் செய்கிற வேலையை உலகமே பார்க்கும்படி திறந்து வைத்துத்தான் செய்கிறாய். அப்பா எழுதுகிற நாலு பக்கத்தை மட்டும் மூடி வைப்பதில் அர்த்தமில்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். தெங்காவில் புது வீட்டுச் சாவியும் வாங்கிவிட்டாய். இங்கே ஈசூனில் உன் அறை பாதி காலியாகிவிட்டது. உன் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட சமயத்தில் அப்பாக்கள் குடும்பம் நடத்துவது எப்படி, மாமனாரிடம் பேசுவது எப்படி என்றெல்லாம் எழுதுவார்கள். அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. சுகன்யா உன்னைவிடக் கெட்டிக்காரி, அவள் பார்த்துக்கொள்வாள். நான் எழுத உட்கார்ந்தது நீ கம்ப்யூட்டரில் எழுதிய பஞ்சாங்கத்தைப் பற்றி. கல்யாண வேலை வந்துவிட்டது, இனி நேரமில்லை, இந்த மாதக் கடைசியோடு அதை மூடுகிறேன் என்று அதன் பக்கத்தில் அறிவிப்புப் போட்டிருக்கிறாய். மூடாதே என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நீ இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். அதையும் சொல்கிறேன், அவசரப்படாதே.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் தேக்காவில் பூக்கடை சேகரிடம் மாலைக்குச் சொல்லப் போயிருந்தேன். கோயிலில் அம்மா ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சேகர் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒம்போது மணி ராகு காலத்துல வருதே. எட்டு மணிக்கே வந்துடுங்க, இல்ல பத்துக்கு மேல வாங்க" என்றான். எனக்குத் தெரிந்த ராகு காலம் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. சுவரில் தொங்குகிற காலண்டரில் அப்படித்தான் போட்டிருக்கும். அதைச் சொன்னேன். "அது மெட்ராஸ் சூரியனுக்குண்ணே. நம்ம ஊர்ல சூரியன் ஏழு மணிக்குத்தானே எந்திரிக்குது? இந்த ஆப் நம்ம ஊரு சூரியனப் பாத்துச் சொல்லும் லா" என்று திரையை என் பக்கம் திருப்பினான். விரல் பட்டு அது கீழே வரைக்கும் ஓடியது. அடியில், கணக்குப் போடும் நிரல் இன்னாருடையது என்று சின்ன எழுத்தில் ஒரு பெயர். உன் பெயர், என் பெயரின் முதல் எழுத்தோடு. மாலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயிலுக்கு நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எதிர்த் திசையில் நடக்கிறேன் என்று தெரிந்தது.

அதற்கு முன்னால் உன் வேலையைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் உனக்கே தெரியும். ஆபீசில் நாள் முழுக்கத் தட்டிவிட்டு வந்து, சனிக்கிழமையும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானம் நான் கேட்டேன், "இதுக்கு யாருடா சம்பளம் குடுக்கிறாங்க?" என்று. "யாரும் இல்லப்பா. ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், பாக்கலாம், திருத்தலாம்" என்றாய். "அப்ப ஊருக்கெல்லாம் ஓசி வேலை" என்றேன். நீ சிரித்துவிட்டு அறைக்குள் போய்விட்டாய். அந்தப் பேச்சுக்காக நான் இப்போது மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. ஓசி வேலைதான் அது. நான் புரிந்துகொள்ளாமல் விட்டது வேறு. பூக்கடையில் ஒரு மனிதன் தன் நாளை உன் கணக்கை நம்பி நடத்துகிறான் என்பதை நீ ஏன் இந்த வீட்டில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதுதான்.

நூலகத்தில், என்னைப் போன்றவர்களுக்குக் கைப்பேசி சொல்லித்தர ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் உன் பெயரைக் கொடுத்து, இவர் என்ன செய்கிறார் என்று காட்டச் சொன்னேன். உறவா என்று கேட்டாள். தெரிந்தவர் என்றேன். அவள் உன் பக்கத்தைத் திறந்து காட்டினாள். நிரல் எனக்குப் புரியவில்லை, அதை விடு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு இடம் இருந்தது, ஜனங்கள் வந்து குறை சொல்கிற இடம். ஒவ்வொரு குறைக்கும் அடியில் நீ பதில் எழுதியிருந்தாய். ஆங்கிலம்தான், ஆனால் படிக்கிற மாதிரியான ஆங்கிலம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து ஒருவர், எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் பகல் குறைவு, உங்கள் கணக்கு அதை எடுத்துக்கொள்கிறதா என்று கேட்டிருந்தார். நீ அவருக்கு மூன்று பத்தி எழுதியிருந்தாய். பூமி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதில் ஆரம்பித்து, நடுவில் ஒரு வேடிக்கையும் சொல்லி, கடைசியில் அவர் வீட்டில் எல்லோரையும் விசாரித்திருந்தாய். கிராஞ்சியில் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கும் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்தால் இன்டர்நெட் கிடைக்கிறது, விடுதியில் சரியாகக் கிடைப்பதில்லை, ஒரு வாரத்துக்கு உண்டானதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வழி உண்டா என்று தட்டுத்தடுமாறி எழுதியிருந்தார். அவருக்கு நீ தமிழிலேயே பதில் எழுதினாய், 'அண்ணா' என்று ஆரம்பித்து. அடுத்த ஞாயிறுக்குள் அந்த வசதியைச் செய்தும் கொடுத்துவிட்டாய். எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். இந்த வீட்டில் நீ பேசுகிற தமிழை எண்ணினால் 'ம்', 'ஓகே', 'சாப்டாச்சு' மூன்றுதான் தேறும். முன்பின் தெரியாத டர்பன்காரருக்கு மூன்று பத்தி.

அன்றிலிருந்து நான் உன் பக்கத்தின் வாசகன். மற்றவர்கள் காலையில் பேப்பர் படிப்பார்கள், நான் காப்பிக் கடையில் உட்கார்ந்து நீ நேற்று யாருக்கு என்ன எழுதினாய் என்று படிப்பேன். உனக்குச் சளி பிடித்தது, ஆபீசில் வேலை மாறியது, ஒரு பெண்ணோடு பழக ஆரம்பித்தது எல்லாம் அம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. 'வார இறுதியில் வெளியே போகிறேன், திங்கட்கிழமை பார்க்கிறேன்' என்று நீ எழுதத் தொடங்கியபோதே, பயல் எங்கேயோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. நான் ஜாதகத்தை நம்புகிறவன் இல்லை. இருபது மாடிக்கு மேலே லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று வேலை பார்த்தவன் கம்பிக்கயிற்றைத்தான் நம்புவான். ஆனால் கோயில் கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயர், நட்சத்திரம் என்று கேட்டால், ரோகிணி என்று என் வாய் தானாகச் சொல்லும். எங்கள் வீட்டில் எப்போதும் ரோகிணிதான். கல்யாணமானதிலிருந்து என் பிறந்தநாளையும் அம்மா அந்த நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வைக்கிறாள். ஆங்கிலத் தேதி என் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. நீ சின்ன வயதிலிருந்தே அந்த நாளில் பாயசத்தைக் கவனித்தாயே தவிர வேறெதையும் கவனிக்கவில்லை. ஒரு நாள் விளையாட்டாக என் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் உன் பஞ்சாங்கத்தில் போட்டுப் பார்த்தேன். கார்த்திகை என்று வந்தது.

மறுபடி போட்டேன். மறுபடியும் கார்த்திகை. ரோகிணிக்கு முந்திய நட்சத்திரம். நம்பிக்கை இல்லாதவனுக்கு எதுவாக இருந்தால் என்ன என்று நீ கேட்பாய். அறுபது வயதுக்கு மேல் ஆன மனிதனைக் கூப்பிட்டு உன் பெயர் வேறு என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ அறையில்தான் இருந்தாய், கதவு சாத்தியிருந்தது. நான் மறுநாள் நூலகத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் உதவியோடு உன் பக்கத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, குறை சொல்கிற இடத்தில் நானும் ஒரு குறை எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. ஆயுள் முழுக்க எதில் வேலை பார்த்தேனோ அதையே பெயராக வைத்தேன். 'மேல்கீழ்' என்று.

ஆமாம், அந்த மேல்கீழ் நான்தான்.

என் சொந்த தேதி, என் சொந்த நேரம், பிறந்த இடம் சிங்கப்பூர், எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். வரவேண்டியது ரோகிணி, உங்கள் நிரல் கார்த்திகை என்கிறது, தயவுசெய்து பார்க்கவும் என்று மரியாதையாகவே எழுதினேன். தேதியைப் பார்த்ததும் நீ எழுந்து வந்து கதவைத் திறந்து, "என்னப்பா இது?" என்று கேட்பாய் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஹாலில் டிவியைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ வெளியே வந்தாய். தண்ணீர் குடித்தாய். "சாப்டாச்சா?" என்று கேட்டேன். "ம்" என்றாய். மறுநாள் உன் பதில் வந்திருந்தது. 'பிறந்த நேரத்தைச் சரிபார்க்கவும். பழைய பதிவுகள் பெரும்பாலும் நம்பத்தகுந்தவை அல்ல. நிரல் சரியாகவே இயங்குகிறது. இதை முடித்துவைக்கிறேன்.' மூன்று பத்தி கிடைக்கும் என்று பார்த்தேன், மூன்று வரி கிடைத்தது. வலித்தது. ஆனால் காப்பி ஆறும்வரை யோசித்தபோது கொஞ்சம் சிரிப்பும் வந்தது. முகம் தெரியாதவனாக உன்னிடம் வந்தால் நல்ல வரவேற்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நான் வந்த நேரம் அந்த வரவேற்பு தீர்ந்துபோன நேரம்.

அந்தக் குறை அப்படியே மூடிக் கிடந்தது. பிறகு ஒரு நாள் ஈப்போவிலிருந்து தேவகி என்ற ஒரு பெண், பள்ளி ஆசிரியராம், அதற்கு அடியில் எழுதினார். 'மேல்கீழ் சொல்வது சரியாக இருக்கலாம். என் தாயாருக்கும் இதே போலத் தவறாக வருகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எண்பதுகளின் தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கும் நீங்கள் இன்றைய நேரத்தையே வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள்.' இவ்வளவுதான் எழுதினார். திருத்தத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அந்த அரை மணி நேரத்தை வாழ்ந்தவன் நான். கடிகாரத்தை மாற்றிய அந்தப் புத்தாண்டின்போது நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விடுமுறை முடிந்து வேலைக்குக் கிளம்பினால் வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். சூபர்வைசர், "தூங்குற நேரத்துல அரை மணியப் புடுங்கிட்டானுங்க லா" என்று அந்த வாரம் முழுக்கப் புலம்பினார். அப்புறம் பழகிப்போனது. பழகி, சுத்தமாக மறந்தும் போனது. நீ பிறந்ததே அதற்குப் பிறகு. உனக்கு இந்த ஊரின் நேரம் என்றால் என்றைக்கும் ஒரே நேரம்தான், அதை நீ ஏன் சந்தேகப்படப் போகிறாய்? தெரியாதவன் எழுதினான், தெரிந்தவன் மறந்தான், ஈப்போவில் ஒரு பெண் தன் அம்மாவுக்காக நினைத்துப் பார்த்தார்.

நீ தேவகிக்கு நன்றி சொன்னாய். மூடிய குறையைத் திரும்பத் திறந்தாய். பிறகு என்னிடம், அதாவது மேல்கீழிடம், 'மன்னிக்கவும். நீங்கள் சொன்னதே சரி' என்று எழுதினாய். பிரவீன், இந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் என் பேச்சைக் கேட்டு வளர்ந்திருக்கிறாய். நான் சொன்னது சரி என்று ஒரு தடவை சொல்லியிருப்பாயா? அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டேன். அப்போதே நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய், எனக்குக் காலையில் படிக்க ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ மாறிக்கொண்டே வந்ததையும் படித்தேன். பதில்கள் குறுகிப்போயின. 'அண்ணா' போய்விட்டது. வீட்டு விசாரிப்பு போய்விட்டது. போன மாதம் யாரோ ஒருவர், எந்த ஊரோ தெரியாது, உன்னால் தன் புதுமனை புகுவிழா நேரம் கெட்டுவிட்டது, நீ பொறுப்பில்லாதவன் என்று எழுதினார். அவர் ஊரின் பெயரைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தார், அவ்வளவுதான். நீ அவருக்குப் பதிலே எழுதவில்லை. சில நாட்கள் கழித்து அந்த மூடும் அறிவிப்பு வந்தது. கல்யாண வேலை என்று காரணம் போட்டாய். எனக்குக் காரணம் தெரியும். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நின்றுபோனால் அடுக்குமாடி புளோக் முழுக்க நம் பெயரைக் கேட்பார்கள். எனக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், திட்டு வாங்குவதும் அதில் அடக்கம். நீ சம்பளமில்லாமல் திட்டு வாங்கியிருக்கிறாய். களைத்துப்போனதில் தப்பே இல்லை, விட்டுவிடு. நான் கேட்பது நீ தொடர்ந்து செய் என்று இல்லை.

உன் அறிவிப்புக்கு அடியில் தேவகி எழுதியிருக்கிறார். மூட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு அனுமதி மட்டும் கொடுங்கள் என்று. வாரங்கள் ஓடிவிட்டன, நீ பதில் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது சுகன்யா அதைப் பற்றித்தான் கேட்டாள். நான் ரசத்தைப் பிசைந்துகொண்டு காதை மட்டும் உங்கள் பக்கம் வைத்திருந்தேன்.

"அந்த ஈப்போ அக்காதான் கேக்குறாங்கல்ல, குடுத்துட்டா என்ன?" என்றாள்.

"அவங்க ஓகேதான். ஆனா எங்க எங்க என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். மெஸ் பண்ணிட்டா என் பேர்தான் கெடும். க்ளோஸ் பண்ணிட்டா சிம்பிள்" என்றாய்.

"க்ளோஸ் பண்ணிட்டா யூஸ் பண்றவங்க?"

"இருக்கிறது இருக்கும். புதுசா எதுவும் மாத்த முடியாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று நீ சொன்னபோது எனக்கு வாய் வரை வந்தது. அம்மா அப்பளம் போட்டாள், நான் அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன். பார்க்க ஆளில்லாமல் ஓடுகிற லிஃப்ட் எனக்குத் தெரியும். முதல் வருஷம் நன்றாகவே ஓடும். பிறகு ஒரு மாடியில் கதவு சரியாக நிற்காது. பிறகு யாராவது உள்ளே மாட்டிக்கொள்வார்கள். ஏதாவது ஒரு நாட்டில் நாளைக்கே கடிகாரத்தை மாற்றினால், உன் பஞ்சாங்கம் அந்த ஊர்க்காரர்களுக்கு என்றென்றைக்கும் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கும். அவர்கள் வந்து குறை சொல்லக்கூட முடியாது. என்னைப் போல ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, தன் நட்சத்திரம் வேறோ என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

ஓய்வு பெறும்போது என் புளோக்குகளை ஒரு மியன்மார்க்காரரிடம் ஒப்படைத்தேன். அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். அவர் நான் செய்வது போல எதையும் செய்யவில்லை. எண்ணெய் விடுகிற முறை வேறு, கதவைச் சரிபார்க்கிற வரிசை வேறு. இவர் கையில் எல்லாம் நாசமாகப் போகிறது என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. லிஃப்ட் இன்றைக்கும் ஓடுகிறது. எனக்கு அதில் சற்று வருத்தம்தான், மறைப்பதற்கில்லை. நாம் இல்லாமலும் ஓடுகிறதே என்ற வருத்தம். அந்த வருத்தத்தோடு இருக்க முடியும், நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

தேவகி கெடுத்துவிடுவார் என்ற பயம் உனக்கு வேண்டாம். நீங்கள் இருவரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். நீ ராணுவப் பயிற்சிக்கு ரிசர்விஸ்ட் போயிருந்தபோது வந்த அத்தனை கேள்விக்கும் அவர்தான் பதில் சொன்னார். நீ பின்னால் வந்து ஒன்றிரண்டைத் திருத்தினாய், அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த முறை அதைச் சரியாகச் செய்தார். அந்தக் கிராஞ்சிக்காரர் மறுபடி ஒரு சந்தேகம் கேட்டு வந்தபோது 'தம்பி' என்று கூப்பிட்டு எழுதினார். ஆரம்பத்தில் நீ எப்படி எழுதினாயோ அப்படி இப்போது அவர் எழுதுகிறார். உனக்குத் தீர்ந்துபோன பொறுமை அவரிடம் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இது எனக்காகக் கேட்பது. தேவகியின் திருத்தத்தை நீ ஏற்றுக்கொண்டபோது, 'மேல்கீழ் கொடுத்த பிறப்பு விவரத்தையே சோதனையில் சேர்க்கிறேன். இனி யாரும் இந்தத் தப்பைத் திரும்பச் செய்ய முடியாது' என்று எழுதியிருந்தாய். எனக்கு அது புரியவில்லை. நூலகப் பெண்ணிடம் கேட்டேன். யாராவது இந்த நிரலில் ஒரு வரியை மாற்றி அனுப்பினாலும், அதை ஏற்பதற்கு முன்னால் இயந்திரம் தானாகவே சில பழைய கணக்குகளைப் போட்டுப் பார்க்குமாம். விடை சரியாக வந்தால்தான் உள்ளே விடுமாம். அந்தக் கணக்குகளின் பட்டியலைத் திறந்து காட்டினாள். அதில் நான் இருந்தேன். என் தேதி, என் நேரம், சிங்கப்பூர், வரவேண்டிய விடை ரோகிணி. உன் கையால் தட்டி வைத்திருக்கிறாய். "ஒங்களுக்குத் தெரிஞ்சவரோட பொறந்தநாளா அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். தலையை ஆட்டினேன்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்ததே, அன்று காலை நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போனாய். என் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நின்றுவிட்டு, கவுண்டரில் கேட்டதும் அம்மாவுக்குப் போன் செய்தாய். "அப்பா நட்சத்திரம் என்னம்மா?" என்று. அம்மா அதைப் பின்னால் எனக்குச் சொல்லிச் சிரித்தாள். பயத்தில் பிள்ளைக்கு மறந்துவிட்டது என்றாள். உனக்கு மறக்கவில்லை, நீ தெரிந்துவைத்திருக்கவே இல்லை. நீ எழுதிய நிரலுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குக்கூட யாரோ ஒருவர் ஏதோ ஒரு வரியை மாற்றினார். நான் மயக்கத்தில் கிடந்த நேரத்தில் அது என் பிறப்பை ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்து, ரோகிணிதான், சரிதான், போகலாம் என்று சொல்லியிருக்கிறது.

எனக்கு வயதாகிறது. கோயிலில் என் பெயரும் நட்சத்திரமும் சொல்ல ஆள் இல்லாத நாள் ஒன்று வரும், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் டர்பனிலோ ஈப்போவிலோ யாரோ ஒருவர் எதையோ சரிசெய்ய உட்காரும்போதெல்லாம், நான் இந்த ஊரில் பிறந்த காலை நேரம் ஒரு தடவை சரிபார்க்கப்படும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நீ மூடிவிட்டால் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. அந்தக் கேள்வியையும் யாரும் கேட்கப் போவதில்லை.

தேவகிக்குப் பதில் எழுது. அனுமதியைக் கொடு. கல்யாணத்துக்கும் கூப்பிடு, ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம், அம்மா ஒரு இலை கூடப் போடுவாள். அதற்கெல்லாம் முன்னால் அந்தச் சோதனையைத் திறந்து, நீயே தட்டி வைத்த தேதியை ஒரு தடவை மெதுவாகப் படி. கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோர் பெயருக்கும் அர்ச்சனை செய்ய அம்மா உன்னைத்தான் கோயிலுக்கு அனுப்புவாள். கவுண்டரில் அப்பாவின் நட்சத்திரம் கேட்பார்கள். அவளுக்குப் போன் செய்யாமல் சொல்.

அப்பா